‘உங்கள் இடம் காலியாக இருந்தது’: பாரசீகம் பேசுவோர் ஆங்கிலம் கற்கும்போது

டெஹ்ரானில் ஒரு கல்லூரி மாணவி விடுமுறைக்குக் காஸ்பியன் கடற்கரைப் பக்கம் போய்விட்டு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வந்ததும் வெளிநாட்டுத் தோழிக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்புகிறாள். கடல் அழகாக இருந்தது, மீன் ருசியாக இருந்தது, கடைசியில் ‘யுவர் பிளேஸ் வாஸ் எம்ப்டி’. எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. படித்த தோழிக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. என் இடமா, எந்த இடம்? நான் அங்கே முன்பதிவு எதுவும் செய்யவில்லையே?

பாரசீகத்தில் ‘ஜாயே ஷொமா காலி’ என்றால் ‘நீங்கள் இல்லாதது ஒரு குறையாகவே இருந்தது’ என்று பொருள். ஒரு விருந்தையோ பயணத்தையோ பற்றிச் சொல்லும்போது, எதிரே இருப்பவர் அதில் கலந்துகொள்ளவில்லை என்றால் இதைச் சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை. அந்தக் ‘காலி’ நம்முடைய அதே காலிதான். அரபியில் பிறந்து பாரசீகமும் உருதும் வழியாகத் தமிழுக்கு வந்த சொல். அதனாலோ என்னவோ, அந்த வாக்கியம் ஆங்கிலக்காரரைவிட நமக்குச் சீக்கிரம் பிடிபடுகிறது.

பாரசீகம் பேசுவோர் ஆங்கிலம் கற்பது பற்றி அறுபது ஆண்டுகளாக ஆய்வுகள் நடந்துவருகின்றன. ஒலியில் தொடங்கி, இலக்கணத்துக்கு வந்து, வாசிப்பையும் மனநிலையையும் தொட்டு, கடைசியில்தான் இந்த ‘காலி’ போன்ற விஷயத்துக்கு வந்து சேர்ந்தன. என் கணிப்பில் அந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒலி. 1957இல் அமெரிக்க மொழியியலாளர் ராபர்ட் லாடோ ஒரு கருத்தை முன்வைத்தார். தாய்மொழியையும் கற்கும் மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், மாணவர் எங்கே தடுமாறுவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றார். அந்த வழியில் பாரசீகத்தையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டவர்களில் முன்னோடி லொத்ஃபொல்லா யார்மொஹம்மதி. ஷீராஸ் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் பணியாற்றியவர். அவருடைய ஒப்பீட்டைத் தலைமுறை தலைமுறையாக ஈரானிய மாணவர்கள் பாடமாகவே படித்திருக்கிறார்கள்.

ஒப்பீடு காட்டும் பட்டியல் சிறியதுதான். இன்றைய ஈரானியப் பாரசீகத்தில் அடிப்படை உயிரொலிகள் 6. ஆங்கிலத்தில், பேச்சு வழக்கைப் பொறுத்து, கூட்டுயிர்களையும் சேர்த்தால் 20 வரை போகும். ஆகவே ‘ஷிப்’பும் ‘ஷீப்’பும் ஒரே ஒலியில் வந்து விழுகின்றன. ‘திங்க்’ என்பதில் நாக்குநுனி பல்லைத் தொடும் அந்த ஒலி பாரசீகத்தில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதற்குரிய அரபி எழுத்து பாரசீக நெடுங்கணக்கில் இருக்கிறது. வாசிக்கும்போது மட்டும் அதை ‘ஸ’ என்றே வாசிக்கிறார்கள். உதடு குவித்துச் சொல்லும் ஆங்கில ‘வ’வும் கிடையாது, பல் படும் ‘வ’ ஒன்றுதான். அப்புறம் அழுத்தம். பாரசீகப் பெயர்ச்சொற்களில் அழுத்தம் பெரும்பாலும் கடைசி அசையில் விழும். ‘டீச்சர்’ என்பதில் ‘டீ’யை ஓங்கிச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘சர்’ ஓங்கி ஒலிக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. பாரசீகம் பேசுவோர் என்றால் ஈரானியர் மட்டும் இல்லை. ஆப்கானிஸ்தானில் தாரி என்ற பெயரிலும், தஜிகிஸ்தானில் தஜிக் என்ற பெயரிலும் அதே மொழியைப் பேசுகிறார்கள். தாரி பேசுபவர் உதடு குவித்தே ‘வ’ சொல்வார். பழைய ஏ, ஓ நெடில்களும் அவர் வாயில் இன்னும் இருக்கின்றன. தஜிக் மாணவர் சிரிலிக் எழுத்தில் இடமிருந்து வலமாகப் படித்து வளர்ந்தவர். ஆய்வுகளில் ‘பாரசீக மாணவர்’ என்று வரும்போது, பெரும்பாலும் டெஹ்ரான் வழக்குப் பேசும் ஈரானியரைத்தான் குறிக்கிறார்கள். இதை மறந்தால் காபூலில் இருந்து வந்த அகதிப் பிள்ளைக்கு, இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பதாகிவிடும்.

ஒலி ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது மெய்க்கூட்டம் பற்றியது. பாரசீகச் சொல் இரண்டு மெய்களோடு தொடங்காது. முடியலாம், தொடங்க முடியாது. ‘கை’ என்பதற்கான ‘தஸ்த்’ போன்ற சொற்கள் ஏராளம், அதனால் ‘டெஸ்க்’ என்று சொல்வதில் அவர்களுக்குச் சிரமமே இல்லை. சிரமம் ‘ஸ்கூல்’ என்பதில். அது ‘எஸ்கூல்’ ஆகிறது. ‘ஸ்டேடியம்’ ‘எஸ்தாதியோம்’ ஆகி பாரசீகச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. ஆனால் ‘பிளாஸ்டிக்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘எ’ வந்து உட்காருவதில்லை. நடுவில் புகுந்து ‘பெலாஸ்தீக்’ ஆகிறது. ‘கிளாஸ்’ ‘கெலாஸ்’ ஆகிறது. ஒரே சிக்கலுக்கு ஏன் இரண்டு வைத்தியம்?

நம் ஊரிலும் ‘இஸ்கூல்’ என்கிறோம், ‘பிளாஸ்டிக்’ என்கிறோம். ‘இப்ளாஸ்டிக்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘சிகூல்’ என்றும் சொல்வதில்லை. உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று காதைச் சார்ந்தது. ‘ப்’ விட்டு ‘ல’வுக்குப் போகும் இடைவெளியில் ஏற்கெனவே உயிரொலி போன்ற ஒரு சாயல் இருக்கிறது. அங்கே ஒரு குட்டி உயிரைச் செருகினால் காது பெரிதாகக் கண்டுகொள்ளாது. ‘ஸ்’ என்ற சீறலுக்கும் ‘க’வுக்கும் நடுவே அப்படி ஒளிய இடமில்லை, செருகினால் சொல்லே மாறிப்போனதுபோல் கேட்கும். ஆகவே உயிரொலி வெளியே, வாசலில் நின்றுகொள்கிறது. மாணவர் சோம்பேறித்தனத்தால் தப்பாகச் சொல்லவில்லை. மூலச்சொல் கெடாமல் இருக்க எது நல்ல வழியோ அதையே அவருடைய காது தேர்ந்தெடுக்கிறது. ‘எஸ்கூல்’ என்று சொன்ன பிள்ளையைப் பார்த்து வகுப்பே சிரிக்கும்போது இதை யாராவது எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

இலக்கணத்தில் சிலவற்றைத் தமிழர் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். வினை கடைசியில் வருவது, ‘தி’ என்ற சுட்டுக்கு எழுத்து வழக்கில் ஈடு இல்லாதது, ‘உடம்பு சரியில்லை என்றான்’ என்பதை இறந்தகாலத்துக்கு மாற்றாமல் ‘ஹி செட் தட் ஹி இஸ் சிக்’ என்று சொல்வது. பாரசீகத்துக்கே உரிய இரண்டு இருக்கின்றன. ஒன்று, அவனுக்கும் அவளுக்கும் ‘ஊ’ என்ற ஒரே சொல். பல ஆண்டுகள் ஆங்கிலம் பேசியவர்கூட, பேச்சு வேகமெடுத்தால், அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது ‘ஹி’ என்று சொல்லிவிடுவார். விதி தெரியாமல் வருவது இல்லை இந்தப் பிழை. வாய் திறக்கும் கணத்தில் ஆணா பெண்ணா என்று பார்க்கும் பழக்கம் மனதுக்கு இல்லை, அவ்வளவுதான். இன்னொன்று, ‘நான் பேசிய மனிதர்’ என்பதைப் பாரசீகம் ‘மனிதர், அவரோடு நான் பேசினேனே, அவர்’ என்ற போக்கில் கட்டும். அங்கே அந்த ‘அவரோடு’ கட்டாயம். ஆகவே ‘தி மேன் தட் ஐ டாக்ட் வித் ஹிம்’ என்று வால் ஒட்டிக்கொண்டு வரும்.

சொற்களுக்கு வந்தால் ‘கோர்தன்’ என்ற வினையைப் பார்க்காமல் நகர முடியாது. நேர்ப்பொருள் ‘சாப்பிடுதல்’. பாரசீகத்தில் எதைத்தான் சாப்பிடுவதில்லை! தரையைச் சாப்பிட்டால் கீழே விழுந்துவிட்டான். தோல்வியைச் சாப்பிட்டான், துக்கத்தைச் சாப்பிட்டான், சத்தியத்தைச் சாப்பிட்டான். கால்பந்தில் எதிரணி கோல் போட்டால் நம் அணி கோலைச் சாப்பிட்டது. சளி பிடித்தால் குளிரைச் சாப்பிட்டான். ஆங்கிலத்தில் மனிதர் சளியைப் பிடிக்கிறார், தமிழில் சளி மனிதரைப் பிடிக்கிறது, பாரசீகத்தில் மனிதர் அதைத் தின்கிறார். பெயர்ச்சொல்லோடு ஒரு சின்ன வினையைச் சேர்த்து முழு வினை ஆக்குவதுதான் பாரசீகத்தின் முக்கிய உத்தி. அதிலேயே ஊறிய மாணவர் ஆங்கிலத்தில் எந்தப் பெயரோடு எந்த வினை சேரும் என்பதை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. ‘காந்தன்’ என்ற வினைக்கு வாசித்தல், பாடம் படித்தல், பாடுதல் எல்லாமே பொருள். ‘நேற்று ராத்திரி முழுக்க ரீட் பண்ணினேன்’ என்று ஈரானிய மாணவர் ஆங்கிலத்தில் சொன்னால் தேர்வுக்குப் படித்தேன் என்று பொருள். நம் ‘படி’யும் அந்த இரட்டை வேலையைச் செய்கிறது.

இதற்கிடையில் லாடோவின் நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஒப்பீடு ‘இங்கே இடறுவார்’ என்று சொன்ன இடத்தில் மாணவர்கள் இடறாமல் போனார்கள். எதிர்பாராத இடத்தில் விழுந்தார்கள். 1967இல் மொழியியலாளர் பிட் கார்டர், பிழைகளைக் களையாகப் பார்க்காமல் தடயமாகப் பார்க்கச் சொன்னார். 1972இல் இன்னொரு மொழியியலாளர் லாரி செலிங்கர், கற்பவரிடம் தாய்மொழியும் இல்லாத, இலக்குமொழியும் இல்லாத ஒரு இடைமொழி உருவாகிறது, அதற்கென்று சொந்த விதிகள் உண்டு என்றார். ஈரானிய ஆய்வுகளும் அந்தப் பக்கம் திரும்பின.

வாசிப்பில் ஒரு சுவாரசியமான பரிசோதனை நடந்தது. பாரசீக எழுத்தில் குறில் உயிர்களைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். மெய்களை மட்டும் பார்த்து, இடத்தை வைத்து, சொல்லை ஊகிக்க வேண்டும். அப்படிப் பழகிய கண் ஆங்கிலத்தை எப்படி வாசிக்கும்? நொபுஹிகோ அகமட்சு என்ற ஜப்பானிய ஆய்வாளர், சீனம், ஜப்பானியம், பாரசீகம் ஆகியவற்றைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலம் கற்றவர்களிடம், ஒரு எழுத்து பெரியது, அடுத்தது சிறியது என்று மாற்றி மாற்றி அச்சிட்ட ஆங்கிலச் சொற்களைக் கொடுத்தார். சொல்லின் மொத்த உருவம் குலைந்துபோகும். எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார்ப்பவரால் மட்டுமே சமாளிக்க முடியும். சீன, ஜப்பானிய வாசகர்கள் தடுமாறிய அளவுக்குப் பாரசீக வாசகர்கள் தடுமாறவில்லை. அகரவரிசை எழுத்தில் வளர்ந்த பழக்கம், எழுத்து வடிவம் வேறாக இருந்தாலும், கைகொடுக்கிறது. 1999இல் ஹொசைன் நஸ்ஸாஜியும் எஸ்தர் கேவாவும் கனடாவில் 60 பாரசீக முதுநிலை மாணவர்களை ஆராய்ந்தார்கள். அந்த உயர்நிலையிலும்கூட, எழுத்துக் கோவைகளைச் சட்டென்று அடையாளம் காணும் அடிப்படைத் திறன் வாசிப்பில் வித்தியாசம் ஏற்படுத்துகிறது என்று அது காட்டியது. ‘பெரியவர்களுக்கு எழுத்துப் பயிற்சி எதற்கு’ என்று ஒதுக்கிவிட முடியாது.

சரி, இவையெல்லாம் மாணவரின் தலைக்குள் நடப்பவை. வகுப்பறையில் என்ன நடக்கிறது?

ஈரானில் நவீனக் கல்வி 1851இல் டெஹ்ரானில் பிரதமர் அமீர் கபீர் தொடங்கிய தாருல் ஃபொனூன் என்ற கல்லூரியிலிருந்து கணக்கிடப்படுகிறது. அங்கே கோலோச்சிய ஐரோப்பிய மொழி பிரெஞ்சு. நன்றி சொல்ல இன்றும் ‘மெர்சி’ என்பது அதன் மிச்சம். ஆங்கிலம் முன்னுக்கு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின், அமெரிக்கச் செல்வாக்கோடு. ஷீராஸில் பஹ்லவி பல்கலைக்கழகம் ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தியது. 1979 புரட்சி அந்தக் காற்றை மாற்றியது. ஈரான்-அமெரிக்கச் சங்கம் நடத்திவந்த மொழி வகுப்புகள், சிறுவர் இளைஞருக்கான அரசுக் கழகத்தின் கீழே ‘கானூனே ஸபான்’ ஆகின. ஆங்கிலத்தை யாரும் ஒழித்துவிடவில்லை. அதைப் பேசும் மனிதர்கள்தான் போய்விட்டார்கள். ‘அயல்மொழியாக ஆங்கிலம்’ என்ற தொடருக்கு ஈரானில் சொல்லுக்குச் சொல் அதுதான் பொருள். வகுப்பை விட்டு வெளியே வந்தால் அதைப் பேச ஆள் கிடையாது.

அரசுப் பள்ளியில் ஆங்கிலம் 7ஆம் வகுப்பில் தொடங்குகிறது. 2018 ஜனவரியில், தொடக்கப் பள்ளிகளில் அதிகாரபூர்வப் பாடமாக ஆங்கிலம் கற்பிப்பது விதிமீறல் என்று கல்வி உயர்மன்றத் தலைவர் அறிவித்தார். பண்பாட்டுப் படையெடுப்பு பற்றிய அச்சம் அதற்குப் பின்னால் இருந்தது. பழைய பாடநூல்கள் இலக்கணமும் வாசிப்புமாகவே இருந்தன. 2013இல் ‘ப்ராஸ்பெக்ட்’, 2016இல் ‘விஷன்’ என்ற புதிய வரிசைகள் பேச்சுக்கு இடம் கொடுத்து வந்தன. ஆனால் பேச்சை யார் சோதிக்கப் போகிறார்கள்? பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான கான்கூரில், 2023இல் பொதுப் பாடங்களை எடுக்கும்வரை, ஆங்கிலம் என்றால் நான்கில் ஒன்றைக் குறிக்கும் கேள்விகள்தான். வாய் திறக்க வேண்டியதில்லை, ஒரு வரி எழுத வேண்டியதும் இல்லை. ஆசிரியர் எதை நடத்துவார் என்பது சொல்லாமலே விளங்கும்.

பேச விரும்புபவர்கள் மாலையில் தனியார் மொழி நிலையத்துக்குப் போகிறார்கள். அங்கே வேறு உலகம். மேலைநாட்டுப் பாடநூல்கள், ஜோடி ஜோடியாக உரையாடல். பெர்ன் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் ஈரான் சேரவில்லை என்பதால் அந்த நூல்களை உள்ளூரிலேயே அச்சிட்டுக்கொள்ள முடிகிறது. பணம் இருப்பவருக்குப் பேச்சு, இல்லாதவருக்குப் பட்டியல் இலக்கணம் என்று ஒரே ஊரில் இரண்டு ஆங்கிலம்.

இந்த இடத்தில் நமக்கு நெருக்கமான ஒருவர் கதைக்குள் வருகிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, கலிஃபோர்னியாவில் பேராசிரியரானவர் பி. குமாரவடிவேலு. எங்கோ வகுத்த ஒரே கற்பித்தல் முறையை உலகம் முழுக்கச் சுமத்தக் கூடாது, அந்தந்த ஊர் ஆசிரியர் தன் சூழலிலிருந்து தன் முறையை உருவாக்க வேண்டும் என்று 1994இல் எழுதினார். ‘முறைக்கு அப்பால்’ என்ற அந்தச் சிந்தனை ஈரானில் மிகப் பரவலாக எடுத்தாளப்பட்டது. டெஹ்ரானின் தர்பியத் மொதரெஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராமின் அக்பரி 2008இல் அதற்கு ஒரு பதில் எழுதினார். கருத்து உயர்ந்ததுதான், ஆனால் முறைகளின் இடத்தை ஆசிரியரின் சுதந்திரம் பிடிக்கவில்லை, பாடநூலும் தேர்வும் பிடித்துக்கொண்டன. வேலைப் பளுவில் இருக்கும் ஆசிரியரிடம் ‘நீயே கோட்பாடு உருவாக்கு’ என்றால் அவர் எங்கே போவார் என்பது அவருடைய வாதத்தின் சாரம். நான் அக்பரி பக்கம். கான்கூரை மனதில் வைத்து அதைப் படித்தால், அதில் இருப்பது கோட்பாட்டு எதிர்ப்பு என்பதைவிட வகுப்பறையிலிருந்து வரும் முறையீடு என்றே தோன்றும்.

மாணவரின் மனநிலை பற்றியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மொஸ்தஃபா பாபி 2010இல் வெளியிட்ட ஆய்வு 1,011 ஈரானிய உயர்நிலைப் பள்ளி மாணவர்களைப் பற்றியது. ‘நான் ஆங்கிலம் பேசும் ஆளாக வேண்டும்’ என்று தன்னை அப்படியே கற்பனை செய்து பார்க்கும் மாணவருக்குப் பதற்றம் குறைகிறது. ‘பேசாவிட்டால் வீட்டில் என்ன சொல்வார்கள்’ என்ற கடமை உணர்வில் படிப்பவருக்குப் பதற்றம் கூடுகிறது. இரண்டு பேருமே உழைக்கிறார்கள். ஒருவர் பயந்துகொண்டே உழைக்கிறார்.

ஆய்வுகளின் எண்ணிக்கை பற்றி என் மனக்குறையையும் மறைக்க விரும்பவில்லை. ஈரானில் ஆங்கிலக் கற்பித்தல் துறையிலிருந்து கட்டுரைகள் வந்து குவிகின்றன. பெரும்பாலும் ஒரே அச்சு: ஒரு தனியார் நிலையம், அதில் இடைநிலை மாணவர் இரண்டு குழு, ஒரு குழுவுக்குப் புதிய உத்தி, சில வாரம் கழித்துத் தேர்வு, புதிய உத்தி ஜெயித்தது. வகுப்புகள் ஆண் பெண் தனித்தனி என்பதால் பல ஆய்வுகளில் ஒரு பாலினத்தவரே இருப்பார்கள். பட்டத்துக்கும் பதவிக்கும் கட்டுரை வேண்டும் என்ற நெருக்கடி இதற்குப் பின்னால் இருக்கிறது. ஆய்வாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் கட்டணம் கட்டமுடியாத சிற்றூர் மாணவர், வீட்டில் துருக்கிய மொழியோ குர்தியோ பேசி, பள்ளியில் பாரசீகம் கற்று, மூன்றாவதாக ஆங்கிலத்துக்கு வரும் பிள்ளை, இவர்கள் அந்தக் குவியலில் அரிதாகவே கண்ணில் படுகிறார்கள்.

இனி தொடக்கத்தில் விட்ட இடத்துக்கு வருவோம். ‘எஸ்கூல்’ என்று சொன்னால் கேட்பவருக்குப் புரிந்துவிடும். வெளிநாட்டவர், அப்படித்தான் பேசுவார் என்று விட்டுவிடுவார்கள். ‘ஹி’, ‘ஷீ’ மாறினாலும் அப்படியே. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இலக்கணம் சரியாக, உச்சரிப்பு தெளிவாக இருக்கும்போது, கேட்பவர் அதை மொழிப்பிழையாக எடுத்துக்கொள்ள மாட்டார். மனிதரின் குணமாக எடுத்துக்கொள்வார்.

பாரசீகத்தில் சம்பிரதாயமான மரியாதைப் பேச்சுக்கு ‘தாரோஃப்’ என்று பெயர். டாக்ஸியில் இறங்கும்போது எவ்வளவு என்று கேட்டால் ஓட்டுநர் ‘காபெலி நதாரே’ என்பார்: உங்களுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டா. பணம் வேண்டாம் என்று அதற்குப் பொருள் இல்லை. இன்னும் இரண்டு முறை வற்புறுத்த வேண்டும், பிறகு அவர் தொகையைச் சொல்வார். பகிர்வு டாக்ஸியில் முன் இருக்கையில் இருப்பவர் பின்னால் திரும்பி, ‘மன்னியுங்கள், என் முதுகு உங்கள் பக்கம் இருக்கிறது’ என்பார். பின்னால் இருப்பவர், ‘பூவுக்கு முன்னும் பின்னும் கிடையாது’ என்பார். அறிமுகமே இல்லாத இரண்டு பேர்!

1986இல் அமெரிக்க மானிடவியலாளர் வில்லியம் பீமன் ஈரானிய மொழியில் உயர்வு தாழ்வு எப்படி வேலை செய்கிறது என்று விரிவாக எழுதினார். கற்போர் பக்கத்திலிருந்து இதை எடுத்து ஆராய்ந்தவர் ஸொஹ்ரே எஸ்லாமி. ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் அழைப்புகளை அவர் ஒப்பிட்டு 2005இல் வெளியிட்டார். மனதாரக் கூப்பிடுவது, மரியாதைக்காகக் கூப்பிடுவது என்ற வேறுபாடு இரண்டு மொழியிலும் உண்டு. பாரசீகத்தில் மரியாதை அழைப்பு மிக அதிகம், மிக விரிவு. எது எந்த வகை என்று பிரித்தறியும் குறிப்புகளும் வேறு. வாசலில் வைத்து ‘உள்ளே வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகணும்’ என்று ஒருவர் அழுத்திச் சொல்வதை ஆங்கிலேயர் அப்படியே நம்பி உள்ளே வந்துவிடலாம். ஆங்கிலேயர் வீட்டுக்குப் போன ஈரானியர், தட்டை நீட்டியதும் ஒரு முறை ‘வேண்டாம்’ என்பார். தட்டு திரும்பிப் போய்விடும். இரண்டாவது முறை கேட்பார்கள் என்று காத்திருந்து, பசியோடு வீடு திரும்புவார்.

நமக்கு இது புதிதில்லை. இரண்டாவது கரண்டிச் சோற்றுக்குக் கையால் இலையை மறைப்பதும், மறைத்த கைக்கு மேலேயே சோறு விழுவதும் நாம் பார்த்து வளர்ந்ததுதான். ஆனால் இதை வகுப்பில் யார் சொல்லித் தருவது? நான்கில் ஒன்றைக் குறிக்கும் கேள்வியாக இதை வைக்க முடியாது. பேசிப் பார்க்க ஆள் இருந்தால் இரண்டு முறை பட்டு மூன்றாம் முறை தெரிந்துகொள்ளலாம், ஆளும் இல்லை. ஒலிப் பட்டியலுக்குக் கொடுத்த உழைப்பில் பாதியையாவது இதற்குக் கொடுத்திருந்தால், வெளிநாடு போன எத்தனையோ மாணவர்கள் தனிமைப்பட்டிருக்க மாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாணவர்கள் தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒரே சூழலுக்கு என்ன சொல்கிறார்கள் என்று தாங்களே கவனித்துத் தொகுத்து, வகுப்பில் வைத்துப் பேசட்டும் என்ற வழியை எஸ்லாமி முன்வைத்திருக்கிறார். காசு செலவில்லாத வழி அது. அரசுப் பள்ளியிலும் செய்யலாம்.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால், வகுப்பு முடியும் நேரத்தில் தினமும் காதில் விழும் ஒரு வாக்கியத்தில் தொடங்கலாம். ‘கஸ்தே நபாஷீத்’. நேர்ப்பொருள் ‘களைப்படையாமல் இருங்கள்’. வேலை செய்தவருக்கு நன்றியாகவும் பாராட்டாகவும் சொல்வது. ஈரானிய மாணவர்கள் அதை இன்னொன்றுக்கும் வைத்திருக்கிறார்கள். நேரம் முடிந்தும் ஆசிரியர் நிறுத்தவில்லை என்றால், பின் வரிசையிலிருந்து ஒரு குரல் பணிவாக எழும்: ‘கஸ்தே நபாஷீத், ஐயா.’ நன்றி, போதும், விடுங்கள், மணி ஆகிவிட்டது, எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஆசிரியரும் கோபப்படாமல் புத்தகத்தை மூடுகிறார். இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள் என்று அவர் அப்போது கேட்டுப் பார்க்கலாம். ‘டோன்ட் பி டயர்ட்’ என்று யாராவது சொல்வார்கள். பாடம் அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்.